மேக்கின்டாஷ் எஸ்இ/30: அசையாத உள்வன்வட்டை மாற்றுவது குறித்து

பழம்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள மேக்கின்டாஷ் எஸ்இ/30 கணினியின் உள்வன்வட்டை மாற்ற வேண்டிய நிலை வந்திருக்கிறது. இது 1989இல் வெளிவந்த மாதிரி; 68030 செயலி, 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, 80 மெகாபைட் ஸ்கஸி (வட்டு, ஸ்கேனர் போன்றவற்றைக் கணினியுடன் இணைக்கும் அக்கால முறை) வன்வட்டு. டொராண்டோவில் இருக்கும் என் மாமா, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தமிழ்ச் சிற்றிதழின் பக்கங்களை இதில்தான் வடிவமைத்தார்.

மின்சாரம் கொடுத்ததும் தொடக்க ஒலி தெளிவாகக் கேட்கிறது. திரை சாம்பல் நிறமாகிறது. பிறகு ஃபிளாப்பி படமும் அதன் நடுவில் மின்னும் கேள்விக்குறியும் மட்டுமே தெரிகின்றன. வன்வட்டு சுழலும் இரைச்சல் கேட்கிறது. ஆனால் முன்பு கேட்ட கடகடவென்ற ஓசை இல்லை. சிஸ்டம் 6 (மேக்கின்டாஷின் அக்கால இயங்குதளம்) ஃபிளாப்பியைச் செருகினால் கணினி எந்தக் குறையுமின்றி இயங்குகிறது, வன்வட்டு மட்டும் திரையில் தோன்றுவதில்லை.

இதற்குப் பதிலாக இன்று எதைப் பொருத்தலாம் என்பது என் முதல் கேள்வி. பழைய வட்டில் இருக்கும் இதழ்க் கோப்புகளை எடுக்க வழி உண்டா என்பது அடுத்தது. மாமாவுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

ஈயப்பற்று எழுதியது:

வணக்கம் பழம்பெட்டி. உங்கள் மாமா சொல்லும் வரிசையே சரியான வரிசை. புதிய வட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், பழையதற்கு என்ன நேர்ந்தது என்று பார்த்துவிடுவோம்.

எஸ்இ/30 மதர்போர்டில் உள்ள 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் காலப்போக்கில் கசிந்து, சுற்றியுள்ள செப்புத் தடங்களை அரிக்கும். அந்தக் கசிவு பெரும்பாலும் ஒலியைத்தான் முதலில் பாதிக்கும். ஸ்கஸி இணைப்பும் அதனால் கெடுவதுண்டு. அந்நிலையில் எந்த வட்டைப் பொருத்தினாலும் கணினிக்கு அது தெரியாது. வட்டின் மேல் பழி போட்டு அதைக் கழற்றி எறிந்தவர்கள் பலர். உங்கள் கணினியில் தொடக்க ஒலி உரக்கவும் தெளிவாகவும் கேட்கிறது என்பது நல்ல அறிகுறி. ஆனாலும், பெட்டியைத் திறக்கும்போது மின்தேக்கிகளின் காலடியில் மங்கலான, மீன்வாடை வீசும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வட்டு மாற்றத்தைத் தள்ளிவைத்து, முதலில் அவற்றை மாற்றிப் பலகையைக் கழுவ வேண்டும்.

வட்டு சுழல்கிறது, ஆனால் தலைகள் நகரும் ஓசை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது மிக முக்கியமான தகவல். அக்காலத்து வட்டுகள் மௌனமாவதற்கு இரண்டு பொதுவான காரணங்கள் உண்டு. தலைகள் தட்டின் பரப்பில் ஒட்டிக்கொண்டால் மோட்டார் சுழலவே சுழலாது. ஒரு மெல்லிய உறுமலோ முழு அமைதியோதான் இருக்கும். உங்களுடையது அதுவல்ல. தலைகளைத் தாங்கும் கை இருபுறமும் இடித்துக்கொள்ளாமல் இருக்க உள்ளே சிறிய ரப்பர் தடுப்புகள் வைத்திருப்பார்கள். முப்பது ஆண்டுகளில் அந்த ரப்பர் உருகிப் பிசினாகிறது. கை அதில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது, தட்டுகள் மட்டும் வீணாகச் சுழல்கின்றன. உங்கள் வட்டின் நிலை இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல செய்தி என்னவென்றால், தட்டில் உள்ள தகவல் பெரும்பாலும் சேதமின்றி இருக்கும்.

இனி அதற்கு அடிக்கடி மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

முள்50 எழுதியது:

மேலே நண்பர் சொன்னதை வழிமொழிகிறேன். மாற்று வட்டு பற்றி நான் எழுதுகிறேன்.

மேக்கின்டாஷ் வரிசையில் ஸ்கஸி 1986இல் மேக்கின்டாஷ் பிளஸ்ஸுடன் வந்தது. எஸ்இ/30இன் உள்வட்டும் அதே 50 முள் நாடா வடத்தில்தான் இணைகிறது. இன்றைய சாட்டா வட்டையோ எஸ்எஸ்டியையோ நேரடியாகச் செருக வழியில்லை. உங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. தொண்ணூறுகளின் நடுவில் வந்த 50 முள் ஸ்கஸி வட்டு ஒன்றைத் தேடி வாங்கலாம். சர்வர்களில் இருந்து கழற்றிய 80 முள் வட்டை மாற்றுப் பலகையுடன் பொருத்தலாம். அல்லது எஸ்டி அட்டையை ஸ்கஸி வட்டாகக் காட்டும் பலகையைப் பயன்படுத்தலாம். ஸ்கஸி2எஸ்டி, ப்ளூஸ்கஸி, ஜூலுஸ்கஸி ஆகியவை இந்த வகை.

முதல் வழியில், பழுதான கிழவனை எடுத்துவிட்டு இன்னும் பழுதாகாத கிழவனை உட்கார வைக்கிறீர்கள். இரண்டாவது வழியில் டெர்மினேட்டர் (ஸ்கஸி வடத்தின் முனையில் சமிக்ஞை எதிரொலிக்காமல் தடுக்கும் உறுப்பு) தொல்லையும் வெப்பமும் சேர்ந்து வரும். நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும் சர்வர் வட்டை, ஒற்றை விசிறி கொண்ட அந்தச் சிறிய பெட்டிக்குள் வைப்பது எனக்கு உவப்பில்லை. எனவே மூன்றாவதையே பரிந்துரைக்கிறேன். ப்ளூஸ்கஸியின் இரண்டாம் பதிப்பு ராஸ்பெரி பை பிகோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையை மூளையாகக் கொண்டது. வடிவமைப்பு முழுவதும் திறந்த மூலம் என்பதால், பற்றவைக்கத் தெரிந்தவர்கள் தாமே செய்துகொள்ளலாம்.

ஆனால் பலரும் தடுக்கி விழும் ஓரிடம் உண்டு. மேக்கின்டாஷ் தன் வட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அந்த வட்டிலிருந்தேதான் படிக்கிறது. வட்டு எந்தெந்தப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் பார்ட்டிஷன் அட்டவணையும் டிரைவருக்கென ஒரு தனிப் பார்ட்டிஷனும் இருந்தால்தான் தொடங்கும். வெறும் கோப்புத்தொகுதியின் பிம்பத்தை (அச்சு அசலான நகல் கோப்பை) எஸ்டி அட்டையில் போட்டுவிட்டு, கேள்விக்குறியையே பார்த்துக்கொண்டிருப்பவர்களின் குறை இதுதான். முழு வட்டின் பிம்பமாக அது இருக்க வேண்டும். ஆப்பிளின் ஹெச்டி எஸ்சி செட்டப் என்ற கருவி, தன் நிறுவன முத்திரை உள்ள வட்டுகளைத் தவிர மற்றவற்றைக் கண்டுகொள்ளாது. அந்தத் தடையை நீக்கித் திருத்திய 7.3.5 பதிப்பு ஒன்று ஆர்வலர்களிடையே புழங்குகிறது. அதைக் கொண்டு எந்த வட்டையும் தயார் செய்யலாம்.

மௌனவட்டு எழுதியது:

நான் மாறுபடுகிறேன். எஸ்டி அட்டை வைத்த எஸ்இ/30 ஓர் எஸ்இ/30 அல்ல என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பாதி உயிர் அந்த ஓசையில் இருக்கிறது. மின்சாரம் கொடுத்ததும் தட்டு வேகமெடுக்கும் இரைச்சல், அதன்பின் தலைகள் தட்டுத் தட்டென்று தேடத் தொடங்கும் நொடி, பிறகு வரும் வரவேற்புத் திரை: இவற்றை அனுபவித்தவர்களுக்கு அட்டை வைத்த பெட்டி ஊமையாகத்தான் தோன்றும். ரப்பரை மாற்றிப் பழைய வட்டையே ஓடவைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாமல் ஏன் அவசரப்படுகிறோம்?

அக்கால வட்டுகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மேக்கின்டாஷ் எஸ்இ மாதிரிகள் பலவற்றில் 20 மெகாபைட் வட்டுகளைத் தந்த மினிஸ்கிரைப் நிறுவனம், 1987 இறுதியில் கணக்கைச் சரிக்கட்டுவதற்காக வட்டுப் பெட்டிகளில் செங்கற்களை அடைத்து அனுப்பியது பின்னாளில் அம்பலமானது. 1990இல் திவாலாகி மேக்ஸ்டாரின் கைக்குப் போனது. அப்படிப்பட்ட நிறுவனம் செய்த வட்டுகளில் சில இன்றும் ஓடுகின்றன என்பதுதான் வேடிக்கை.

ஈயப்பற்று எழுதியது:

மௌனவட்டு அவர்களின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரப்பரை மாற்றுவது வட்டைக் குணப்படுத்தும் சிகிச்சை அல்ல, தகவலை வெளியே எடுக்கக் கிடைக்கும் ஒரு வாய்ப்பு. மூடியைத் திறந்த வட்டில் தூசி புகுந்தே தீரும். எண்பது மெகாபைட் வட்டின் தடங்கள் இன்றைய வட்டுகளோடு ஒப்பிட முடியாத அளவுக்கு அகலமானவை என்பதால் அது சில காலம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். திறந்த வட்டை அன்றாட வேலைக்கு நம்ப வேண்டாம்.

பழம்பெட்டி, நீங்கள் திறக்கத் துணிந்தால் இப்படிச் செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துடைத்துச் சுத்தம் செய்த மேசையில் வேலையைத் தொடங்குங்கள். தட்டின் பரப்பை விரல் தொடவே கூடாது. தலைகளைத் தாங்கும் கையின் பின்புறம், காந்தங்களுக்கு நடுவே சுருள் நகரும் இடத்தருகே அந்த ரப்பர் தடுப்பு இருக்கும். கறுப்புத் தாராகக் கசிந்து, தொட்டால் நூல்போல் இழுபடும். கையைத் தலைப்பக்கம் பிடித்துத் தள்ளாதீர்கள். சுருள் பக்கத்தில் மெதுவாக நகர்த்தினால் ஒட்டு விட்டுவிடும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பிசினைத் துடைத்தெடுத்துவிட்டு, அந்த முனையில் வெப்பத்தால் சுருங்கும் குழாயின் சிறு துண்டைப் பொருத்தினால் போதும். அதே அளவு தடிமன் முக்கியம். மெலிதாக இருந்தால் கை எல்லை தாண்டும். மூடியைத் திரும்பப் போட்டு, உடனே நகலெடுக்கத் தயாராகுங்கள். அடுத்த முறை அணைத்து இயக்கினால் ஓடும் என்று எண்ணிக்கொண்டு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

முள்50 எழுதியது:

நகலெடுப்பதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. ப்ளூஸ்கஸி இரண்டாம் பதிப்பிலும் ஜூலுஸ்கஸியின் சில மாதிரிகளிலும், பலகை வட்டாக நடிக்காமல், தானே கணினியின் இடத்தில் இருந்து வேறொரு வட்டைப் படிக்கும் முறை இருக்கிறது. பழைய வட்டுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் தரும் தனி மின்வழங்கியை இணைத்து, நாடா வடத்தின் ஒரு முனையில் வட்டையும் மறு முனையில் பலகையையும் பொருத்தி இயக்கினால், முழு வட்டும் அப்படியே ஒரு பிம்பக் கோப்பாக எஸ்டி அட்டையில் எழுதப்படும். படிக்க முடியாத இடங்களில் மீண்டும் முயன்று, பயனில்லையென்றால் தாண்டிச் செல்லும். மேக்கின்டாஷைத் தொடவே தேவையில்லை.

இதில் ஓர் அழகு இருக்கிறது. அந்தப் பிம்பத்தில் பார்ட்டிஷன் அட்டவணையும் ஆப்பிளின் டிரைவரும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. எனவே அதே அட்டையை அதே பலகையில் வைத்து எஸ்இ/30க்குள் பொருத்தினால், மாமா விட்டுச்சென்ற மேசைத்திரை அப்படியே தோன்றும். முன்பு நான் சொன்ன செட்டப் கருவியின் தேவையே எழாது. பிம்பத்தைப் பயன்படுத்தத் தொடங்குவதற்கு முன் அதன் நகல் ஒன்றை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிடுங்கள்.

தட்டச்சன் எழுதியது:

சிற்றிதழ்க் கோப்புகள் என்றதும் நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. பழைய மேக்கின்டாஷ் கோப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளைகள் இருக்கலாம்: ஒன்றில் தரவு, மற்றொன்றில் எழுத்துரு, படக்குறி, பட்டியல் போன்ற வளங்கள். விண்டோஸ் கணினிக்கு நேரடியாக நகலெடுத்தால் இரண்டாவது கிளை சத்தமின்றி அறுந்துபோகும். எழுத்துருக் கோப்பில் முழுச் சரக்கும் அந்தக் கிளையில்தான் இருக்கிறது என்பதால், நகலெடுத்த கோப்பின் அளவு பூஜ்யம் என்று காட்டும்.

அந்நாளைய தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முற்பட்டவை. ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு வரிசை. எழுத்துரு தொலைந்தால் கட்டுரை முழுவதும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும், அதை மீட்டெழுத எந்த வரிசை என்று ஊகிக்க வேண்டியிருக்கும். அதோடு, சிஸ்டம் 6இல் எழுத்துருக்கள் தனிக் கோப்புறையில் இருப்பதில்லை. அவை சிஸ்டம் கோப்பின் உள்ளேயே நிறுவப்பட்டிருக்கும். தனி எழுத்துருக் கோப்புறை 1992இல் 7.1 பதிப்புடன்தான் வந்தது. அச்சுப்பொறிக்கான போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரிக்கும் மொழி) எழுத்துருக் கோப்புகள் வேறாக, சிஸ்டம் கோப்புறையில் கிடக்கும். ஆகவே இதழ்க் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல், முழு வட்டின் பிம்பத்தை எடுக்க வேண்டும் என்று நண்பர் சொல்வதே சரி.

பிம்பம் கிடைத்ததும் அதைப் பசிலிஸ்க் 2 போன்ற, பழைய மேக்கின்டாஷாக நடிக்கும் மென்பொருளான போலிக் கணினியில் திறந்து பாருங்கள். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் அந்த வட்டிலேயே இருந்தால், அங்கேயே பக்கங்களைத் திறந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக அச்சிட்டு, இன்றைய கணினியில் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம்.

பழம்பெட்டி எழுதியது:

மிக்க நன்றி. ரப்பர் விவகாரம் ஈயப்பற்று ஐயா எழுதியபடியே இருந்தது. கறுப்புப் பிசின் பஞ்சுக்குச்சியோடு நூல்நூலாக வந்தது. முள்50 சொன்ன முறையில் பிம்பம் எடுத்துவிட்டேன். ஓரிரு இடங்களைத் தவிர மற்றவை முழுமையாகப் படிக்கப்பட்டன. பசிலிஸ்க்கில் இதழின் அட்டைப்பக்கம் தமிழில் அப்படியே திறந்தது. மாமாவுக்குப் படம் அனுப்பியதற்கு, இரண்டாம் பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழை இருக்கிறது என்று பதில் எழுதியிருக்கிறார்.

இனி கணினிக்குள் பலகையைப் பொருத்த வேண்டும். படக்குழாயின் அருகில் கை வைப்பது அச்சமாக இருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஈயப்பற்று எழுதியது:

அச்சம் நல்லது. பெட்டியைப் பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளில் இரண்டு, கைப்பிடிக் குழிக்குள் ஆழத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு நீண்ட தண்டுடைய டி15 டோர்க்ஸ் (நட்சத்திர முனை) திருப்புளி தேவை. மின்வடத்தைப் பிடுங்கிவிட்டுத்தான் திருகாணியையே தொட வேண்டும்.

படக்குழாயின் நேர்முனையில் தேங்கியிருக்கக்கூடிய மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டும். காப்பிட்ட கைப்பிடி உள்ள தட்டைத் திருப்புளியின் தண்டை ஒரு வடத்தால் உலோகச் சட்டத்துடன் இணைத்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, குழாயின் பக்கவாட்டில் உள்ள ரப்பர் குமிழின் அடியில் முனையைச் செலுத்தி மின்னைத் தரைக்கு இறக்குங்கள். அதைவிட எளிதில் நேரும் விபத்து குழாயின் கழுத்து உடைவது. பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கண்ணாடிக் கழுத்தில் முழங்கை பட்டாலே போதும், திரை போய்விடும். இவற்றில் நம்பிக்கை இல்லையென்றால், பழைய தொலைக்காட்சி பழுதுபார்க்கும் அனுபவமுள்ள ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த கையோடு மதர்போர்டில் உள்ள 3.6 வோல்ட் லித்தியம் மின்கலத்தையும் எடுத்துவிடுங்கள். அது கசிந்தால் வட்டைப் பற்றிக் கவலைப்பட மதர்போர்டே மிஞ்சாது.

முள்50 எழுதியது:

வட்டு, ஃபிளாப்பி இயக்கிக்கு மேலே ஓர் உலோகத் தாங்கியில் உட்கார்ந்திருக்கிறது. நாடா வடத்தையும் மின்வடத்தையும் முன்பக்க விளக்குக்குப் போகும் மெல்லிய கம்பிகளையும் கழற்றிவிட்டுத் தாங்கியோடு வெளியே எடுங்கள். புதிய பலகையைத் தாங்கியில் பொருத்தும்போது அதன் அடிப்பக்கப் பற்றவைப்புகள் உலோகத்தில் படக் கூடாது. பிளாஸ்டிக் தூண்கள் வைத்து உயர்த்துங்கள்.

நாடா வடத்தின் சிவப்புக் கோடு ஒன்றாம் முள்ளின் பக்கம் வர வேண்டும். 50 முள் ஸ்கஸியில் ஒற்றைப்படை முட்கள் பெரும்பாலும் தரை, இரட்டைப்படை முட்கள் சமிக்ஞை. வடத்தைத் தலைகீழாகச் செருகினால் சமிக்ஞைகள் எல்லாம் தரையோடு சேர்ந்துவிடும். கணினி தொடக்கத்திலேயே உறைந்து நிற்கும். டெர்மினேட்டருக்கான மின்சாரம் வரும் 26ஆம் முள்ளுக்கு எதிரே வரும் 25ஆம் முள்ளை வெறுமையாக விட்டிருப்பதால் எதுவும் கருகுவதில்லை. எனவே உறைந்தால் பதற்றப்படாமல் அணைத்துவிட்டு வடத்தைத் திருப்பிப் பாருங்கள்.

பலகையின் டெர்மினேட்டர் இயக்கத்தில் இருக்கட்டும். உள்வட்டின் அடையாள எண் வழக்கமாக 0. கணினிக்கு எப்போதும் 7. ப்ளூஸ்கஸியில் கோப்பின் பெயரே எண்ணைத் தீர்மானிக்கிறது என்பதால் ஜம்பர் (எண்ணை அமைக்க முட்களில் செருகும் சிறு இணைப்பு) எதையும் தேட வேண்டாம்.

கூடுதல் இடம் வேண்டுமென்றால் 1 என்ற எண்ணில் இரண்டாவது பிம்பம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆசைப்பட்டு 2 ஜிகாபைட் ஆக்க வேண்டாம். அக்காலக் கோப்புமுறை ஒரு தொகுதியை ஏறக்குறைய 65,500 துண்டுகளாக மட்டுமே எண்ணும். 80 மெகாபைட் வட்டில் ஒரு துண்டு ஒன்றரைக் கிலோபைட். 2 ஜிகாபைட்டில் அதுவே 32 கிலோபைட். நான்கு வரிக் கடிதம்கூட முழுத் துண்டை விழுங்கும். 500 மெகாபைட்டே அந்தக் கணினிக்குப் பெரிய மாளிகை.

மௌனவட்டு எழுதியது:

தகவல் மீண்டதில் மகிழ்ச்சி. அந்தப் பழைய வட்டை எறிந்துவிடாதீர்கள். காந்தங்களுக்காக உடைத்துவிடவும் வேண்டாம். மின்காப்புப் பையில் போட்டு, என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். ஓசை வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் என்னைப் போன்றவர்களுக்காக, வட்டு விளக்கின் மின்துடிப்பைக் கேட்டு டிக் டிக் என்று ஒலியெழுப்பும் சிறு பலகைகள் கூடக் கிடைக்கின்றன. அது போலிதான் என்று தெரிந்தும் ஒன்றை வாங்கினேன்.

பழம்பெட்டி எழுதியது:

பலகையைப் பொருத்தி, மாமாவின் மேசைத்திரை வந்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி மிச்சம். பின்புற 25 முள் துளையில் மாமாவின் பழைய ஸ்கஸி ஸ்கேனரை இணைக்க நினைக்கிறேன். அப்போது உள்பலகையின் டெர்மினேட்டரை நிறுத்த வேண்டுமா?

முள்50 எழுதியது:

வேண்டாம். ஸ்கஸி ஒரு நீண்ட கோடு; டெர்மினேட்டர் அதன் இரு முனைகளிலும் இருக்க வேண்டும், நடுவில் கூடாது. உள்பலகை ஒரு முனை, ஸ்கேனர் மறு முனை. ஸ்கேனரின் பின்புறம் பொதுவாக இரண்டு துளைகள் இருக்கும். காலியாக உள்ள துளையில் டெர்மினேட்டரைச் செருகுங்கள். சில மாதிரிகளில் அதற்கெனப் பொத்தானே இருக்கும், அப்படியானால் இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்த வேண்டாம். ஸ்கேனரின் எண் 0, 1, 7 ஆகியவற்றில் ஒன்றாக இருக்கக் கூடாது. முதலில் ஸ்கேனரை இயக்கிவிட்டுப் பிறகு கணினியை இயக்குங்கள். இரண்டும் மின்சாரத்தில் இருக்கும்போது வடத்தைக் கழற்ற வேண்டாம்.